பழைய ஜீப்பை மலைக்குத் தயார்செய்வது எப்படி?

கொழும்பில் பழைய ஜீப் ஒன்றைக் காட்டுப்பாதைக்குத் தயார்செய்ய விரும்புபவர் பஞ்சிகாவத்தைக்குப் போகாமல் முடியாது. கொட்டாஞ்சேனையிலிருந்து தூரமில்லை. கழற்றிய எஞ்சின்களும் கியர்பொக்ஸ்களும் அச்சுகளும் அங்கே கடைவாசல்வரை அடுக்கிக் கிடக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்தாண்டுகளில் பழையதைத் திருத்தி ஓடுவதைத் தவிர வழி இருக்கவில்லை.

நம்மவர் விரும்பித் தேடுவது மிட்சுபிஷி ஜீப். எஞ்சினின் பெயரையே வண்டிக்கும் சூட்டி '4டீஆர்5' என்பார்கள். அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை உரிமம் பெற்று 1953இல் ஜப்பானில் பொருத்தத் தொடங்கிய மிட்சுபிஷி, 1998வரை அதே வடிவத்தைக் கைவிடவில்லை. ஏணிச் சட்டகம், முன்னும் பின்னும் முழு அச்சு, பட்டைவில், 2.7 லீற்றர் டீசல் எஞ்சின். கணினி எதுவும் இல்லாததால், நல்ல மெக்கானிக் பாஸ் ஒருவர் சாவிகளையும் காதையும் வைத்தே பழுதைக் கண்டுபிடித்துவிடுவார்.

வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது சட்டகம். வெள்ளவத்தையில் கடற்காற்றில் நின்ற வண்டியென்றால் இன்னும் கவனம் தேவை. உப்பும் சேறும் சட்டகத்தின் உட்புறத்தில் தங்கி, வெளியே பெயின்ற் பளபளக்கும்போதே உள்ளிருந்து அரித்துவிடும். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமாக ஒலிக்கும் இடத்தில் இரும்பு மெலிந்திருக்கக்கூடும்.

டர்போ இல்லாவிட்டால் இந்த வண்டியின் குதிரைவலு எண்பதைத் தாண்டாது. ஆனாலும் செங்குத்தான மண்பாதையில் ஏறிவிடும். காரணம் கியர்பொக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்பர் கேஸ். 'லோ'வில் போட்டால் சில்லுகளின் வேகம் பாதிக்கும் கீழே குறைந்து, முறுக்குவிசை அதே மடங்கில் கூடும். எஞ்சின் சீராகச் சுழல, வண்டி நடைவேகத்தில் கற்களைத் தாண்டும். மலைக்கிராமமான மீமுரைப் பக்கத்து இறக்கங்களிலும் இதே கியர்தான் வண்டியைப் பிடித்துவைக்கிறது. பிரேக்கை மிதித்துச் சூடாக்கத் தேவையில்லை. என் பார்வையில் ஜீப்பின் உயிர் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. பணத்தை முதலில் இதற்கும் பிரேக்குக்கும் செலவிட வேண்டும்.

பலர் செய்வது நேரெதிர். முதலில் வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போடுகிறார்கள். 29 அங்குல டயருக்குப் பதில் 33 அங்குலம் போட்டால், ஒரு சுற்றில் வண்டி 14 சதவீதம் கூடுதல் தூரம் போகும். கியரில் கிடைத்த இழுவையில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். பழைய டிரம் பிரேக்குக்கும் சுமை கூடும். உயர்த்த உயர்த்த ஈர்ப்புமையம் மேலேறி, சரிவில் புரளும் அபாயம் வளரும். புரொப்பெல்லர் தண்டின் மூட்டுகள் அதிகக் கோணத்தில் சுழன்று சீக்கிரம் தேயும். மண்ணில் பிடி வேண்டுமென்றால் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தாலே போதும்; தரையில் பதியும் பரப்பு கூடிவிடும். தார் வீதிக்கு வந்ததும் மறக்காமல் நிரப்பிவிட வேண்டும்.

ஆற்றைக் கடக்க, காற்றிழுக்கும் குழாயைக் கூரைவரை உயர்த்துவார்கள். அது அவசியம்தான்; தண்ணீரை அமுக்க முடியாது என்பதால், சிலிண்டருக்குள் அது புகுந்தால் பிஸ்டன் தண்டு வளையும். ஆனால் டிபரென்ஷியலின் சுவாசத்துளையை யாரும் நினைப்பதில்லை. ஓடிச் சூடான டிபரென்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல்கள் வழியே தண்ணீரை உறிஞ்சும். ஒயில் பாலாகிப் பற்கள் தேயும். துளையில் இறப்பர் குழாய் ஒன்றை மாட்டி மேலே கொண்டுபோனால் பிரச்சினை தீர்ந்தது.

எஞ்சினை மாற்றுபவர்கள் ஒன்றை மறக்கவேண்டாம். புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்த பிறகே வண்டியை வீதிக்கு எடுங்கள்.