எளாவூர் வானில் ஓடும் புள்ளிகள்

1960இல் அமெரிக்கா ஏவிய எக்கோ-1 செயற்கைக்கோள் வெறும் பலூன்தான். 30 மீட்டர் விட்டம், மேலே அலுமினியப் பூச்சு. அண்ணாந்தால் போதும், வெறும் கண்ணுக்கே தெரியும். எளாவூர்ப் பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை வராத காலம் அது. வானத்தில் ஓடும் புள்ளி என்பதே அதிசயம்.

1997 முதல் வந்த இரிடியம் செயற்கைக்கோள்கள் வேறு ரகம். ஒவ்வொன்றிலும் கதவளவில் மூன்று ஆன்டெனாக்கள். மங்கலாக ஊர்ந்து வரும் புள்ளி, ஆன்டெனா வெயிலைத் திருப்பிய கணத்தில் வெள்ளிக் கிரகத்தையும் மிஞ்சி ஒளிர்ந்து, சில விநாடிகளில் அடங்கிவிடும். எங்கே, எத்தனை மணிக்கு என்று முன்பே கணக்குப் போட்டுக் காத்திருந்தார்கள் ஆர்வலர்கள். சில பத்து கிலோமீட்டர் தள்ளி நின்றவருக்கு அந்த வெளிச்சம் கிடைக்காது. அந்தத் தலைமுறைச் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவற்றைக் கீழிறக்கி எரித்தாகிவிட்டது.

2019 மே மாதம், முதல் தொகுதியாக 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஒரே ராக்கெட்டில் போயின. இன்று ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. 2022இல் சென்ற புளூவாக்கர்-3 செயற்கைக்கோளின் ஆன்டெனா 64 சதுர மீட்டர். அது வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களுக்கு ஈடாக ஒளிர்ந்ததைச் சங்கீதா நந்தகுமார் முதலானோர் 2023இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அமெச்சூர்கள் எடுத்த அளவுகளும் அதில் சேர்ந்திருந்தன. அதன் வாரிசான, சுமார் 223 சதுர மீட்டர் ஆன்டெனா கொண்ட புளூபேர்டை 2025 டிசம்பர் 24 அன்று ஏவியது நம் எல்விஎம்-3 ராக்கெட். பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. பெருமைப்படுகிறேன். வானத்தை நினைத்தால் கவலையும் வருகிறது.

எளாவூரின் இன்றைய இரவில் நெடுஞ்சாலை விளக்கும் ஆலை வெளிச்சமும் மங்கலான செயற்கைக்கோள்களை விழுங்கிவிடுகின்றன. ஆனால் இத்தனை வெளிச்சத்தையும் மீறித் தெரிவது எதுவோ, அதைத்தான் அளக்க வேண்டும். தொலைநோக்கி வேண்டாம். சுவாதி நட்சத்திரத்தின் ஒளியளவு ஏறக்குறைய 0, சித்திரை 1, மகம் 1.4. ஓடும் புள்ளி எந்த இரண்டுக்கு நடுவில் என்று பார்த்து, நேரத்தோடு குறித்தால் அதுவே தரவு. உருளும் ராக்கெட் பாகமென்றால் விட்டுவிட்டு மின்னும். இரண்டு மினுக்கலுக்கு இடையே எத்தனை விநாடி என்று எண்ணலாம். தாழப் பறப்பவற்றுக்கு, இருட்டிய பின் ஒன்றரை, இரண்டு மணி நேரமே நல்ல வாய்ப்பு. அதற்குமேல் அவை பூமியின் நிழலுக்குள் போய்விடும். விடியலுக்கு முன் மறுபடி பார்க்கலாம்.