தீக்குச்சியில் கண்ட வியூகம்

ஒற்றை இருக்கைப் போர் விமானத்தின் துப்பாக்கி நேர் முன்னால்தான் சுடும். அதனால் எதிரியின் வாலைப் பிடிப்பவன் கை ஓங்கும். வாலைப் பிடிக்க, குறுகிய வட்டத்தில் திரும்பத் தெரிய வேண்டும். 1941-இல் அந்த வித்தையில் ஜப்பானின் ஜீரோவை நெருங்கக்கூட அமெரிக்கக் கடற்படையிடம் விமானம் இல்லை. கவசமே இல்லாத ஜீரோ, எடை குறைவால் சட்டென்று மேலேறும், சட்டென்று வளையும். எதிரே நின்ற அமெரிக்க வைல்ட்கேட் அடிதாங்கி. அதற்குமேல் பெருமை பேச அதிகமில்லை.

ஜீரோவைப் பற்றிய உளவுக் குறிப்பைப் படித்த படைப்பிரிவுத் தலைவர் ஜான் தாச், கலிபோர்னியாவில் தன் வீட்டு மேசையில் இரவு நேரங்களில் தீக்குச்சிகளை அடுக்கி நகர்த்திப் பார்த்தார். திரும்புவதில் ஜெயிக்க முடியாது. சரி, துரத்துபவனை நமக்கு வேண்டிய இடத்துக்கு வரவைத்தால்?

இரண்டு விமானங்கள் இடைவெளி விட்டுப் பக்கம் பக்கமாகப் பறக்கும். இடப்பக்க விமானி வலப்பக்கத்தவனின் முதுகைப் பார்த்துக்கொள்வான், அவன் இவன் முதுகை. இடப்பக்க விமானத்தை ஜீரோ துரத்தினால் வலப்பக்கத்தவன் வாய் திறக்க வேண்டியதில்லை. தோழனை நோக்கிச் சடாரென்று திரும்புவான். அந்தத் திருப்பமே எச்சரிக்கை. தோழனும் உடனே இவன் பக்கம் திரும்புவான். பிடிவாதமாகப் பின்தொடரும் ஜீரோ நேராக இவன் துப்பாக்கிமுன் வந்து நிற்கும். விலகி ஓடினால் விலாவைக் காட்டும். சடை பின்னுவதுபோல இருவரும் குறுக்கே கடந்து இடம் மாறுவார்கள். பிறகு மறுபடியும் அதே பின்னல்.

ஒத்திகையில் தாச் தன் பக்க விமானங்களுக்கு எஞ்சின் விசையைக் குறைத்துவிட்டு, முழு விசையோடு தாக்கும்படி விமானி புட்ச் ஓஹேரிடம் சொன்னார் (சிகாகோ விமான நிலையத்துக்குப் பின்னாளில் இவர் பெயர்தான்). எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எதிரே ஒரு விமானத்தின் மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

1942 ஜூன் 4, மிட்வே கடற்போர். 12 டார்பிடோ விமானங்களுக்குக் காவலாக தாச்சின் வைல்ட்கேட்கள் வெறும் ஆறு. ஜீரோக்கள் மொய்த்ததும் தொடக்கத்திலேயே வைல்ட்கேட்களில் ஒன்று விழுந்தது. இணை விமானத்தில் பறந்த டிப்பை விலகிப் பறக்கச் சொல்லி, தீக்குச்சிக் கணக்கை தாச் முதல்முறையாக நிஜப் போரில் போட்டுப் பார்த்தார். டிப்பைத் துரத்திவந்த ஜீரோ தாச்சின் குண்டுகளுக்கு இரையானது.

அந்தப் பின்னல் வைல்ட்கேட்களைக் காத்தது. ஆனால் டார்பிடோ விமானங்களில் பத்து சுட்டு வீழ்த்தப்பட்டன. வீழ்த்திய ஜீரோக்களைத் தொடையில் கட்டிய குறிப்பேட்டில் கோடு போட்டு எண்ணத் தொடங்கிய தாச், பாதியில் நிறுத்திவிட்டார். அந்தக் குறிப்பேடு விமானந்தாங்கிக் கப்பலுக்குத் திரும்பப்போவதில்லை என்றே அப்போது நினைத்தார்.