எண் வரிசையில் அடுத்த எண் யாது?

1, 2, 4, 8, 16 என்னும் வரிசையில் அடுத்து வரவேண்டிய எண் யாது? இவ்வினாவைக் கேட்ட மாத்திரத்தில் பெரும்பாலோர் 32 என விடை பகர்வர். ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்தியதைப்போல் இரு மடங்கு என்று அவர்கள் கொள்வதே இதற்குக் காரணம். ஆயினும் மாணவன் ஒருவன் 31 என்று எழுதினால், அதனைத் தவறென்று ஆசிரியர் அடித்துவிடலாமா? இதனைச் சற்று ஆராய்வோம்.

காகிதத்தில் ஒரு வட்டம் வரைக. அதன் பரிதியில் சில புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்றெல்லாப் புள்ளிகளுடனும் நேர்கோடுகளால் இணைக்க. வட்டத்தினுள் மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்காதவாறு புள்ளிகளை அமைத்தல் வேண்டும். ஒரு புள்ளி மட்டும் இருப்பின் கோடு இல்லை; வட்டம் 1 பகுதியாகவே நிற்கும். 2 புள்ளிகள் இருப்பின் 2 பகுதிகளும், 3 இருப்பின் 4 பகுதிகளும், 4 இருப்பின் 8 பகுதிகளும், 5 இருப்பின் 16 பகுதிகளும் கிடைக்கும். 6 புள்ளிகளுக்குக் கிடைப்பவையோ 31 பகுதிகளே. புள்ளிகளைச் சம தூரத்தில் வைத்தால் மூன்று கோடுகள் மையத்தில் சந்திப்பதால் 30 பகுதிகளே கிடைக்கும். எவ்வாறு வரைந்தாலும் 32 கிடைப்பதில்லை.

இதன் காரணம் எளியது. புதிதாக ஒரு கோடு வரையும்போது ஒரு பகுதி கூடும். அக்கோடு முந்தைய கோடுகளை வெட்டும் ஒவ்வோர் இடத்துக்கும் மேலும் ஒரு பகுதி கூடும். ஆகவே, பகுதிகளின் எண்ணிக்கை என்பது 1, கோடுகள், வெட்டும் இடங்கள் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையாகும். 5 புள்ளிகளுக்கு 10 கோடுகள், 5 வெட்டுகள், மொத்தம் 16. 6 புள்ளிகளுக்கு 15 கோடுகள், 15 வெட்டுகள், மொத்தம் 31.

இதே விடையை வேறுபாட்டு முறையாலும் பெறலாம். அடுத்தடுத்த எண்களைக் கழித்தால் 1, 2, 4, 8 என்பன கிடைக்கும். அவற்றை மீண்டும் கழித்தால் 1, 2, 4, பின்னர் 1, 2, இறுதியில் 1. இந்த இறுதி எண் மாறாதென்று கொண்டு மேல்நோக்கிக் கூட்டினால் முறையே 3, 7, 15 வரும். 16-உடன் 15-ஐக் கூட்ட 31 ஆகும். ஆனால் இறுதி எண் மாறாது என்பதும் ஓர் அனுமானமே. அதற்கு ஆதாரம் தருவது வட்டமேயன்றி எண்கள் அல்ல.

உதாரணங்கள் மிகுந்தால் மட்டும் அனுமானம் உறுதியாகிவிடுமா? 41, 43, 47, 53, 61 என, முதலில் 2, பின்னர் 4, 6, 8 என்று கூட்டிச் செல்லும் வரிசை ஒன்றுண்டு. கணித மேதை ஆய்லர் 1772-இல் இவ்வரிசையைச் சுட்டிக்காட்டினார். இதன் முதல் 40 எண்களும் பகா எண்களே. 41-ஆவது எண் 1,681. அது 41-ஐ 41-ஆல் பெருக்கக் கிடைப்பதாகலின் பகா எண் அன்று.

இவ்வெச்சரிக்கை வகுப்பறைக்கு மட்டும் உரியதன்று. ஹெக்டேருக்குத் தழைச்சத்து 30, 60, 90 கிலோகிராம் இட்டபோது நெல் விளைச்சல் 2,500, 3,000, 3,500 கிலோகிராம் என உயர்ந்ததாக வைத்துக்கொள்வோம். 120 கிலோகிராம் இட்டால் 4,000 விளையும் என்று களப்பணியாளர் உறுதி கூறலாமா? பயிர் எண் வரிசையைப் பார்த்து வளர்வதில்லை. ஓரளவுக்குமேல் இடும் உரத்தின் பயன் குறைந்துகொண்டே வரும். அளவு மிஞ்சினால் பயிர் சாயும், பூச்சியும் நோயும் மிகும். அந்த உறுதிமொழியை நம்பிக் கடன்பட்டு உரம் வாங்கிய உழவரே நஷ்டத்தைச் சுமக்க நேரிடும். எனவே, அளந்து கண்ட எல்லைக்கு அப்பால் விடை கூறுமுன் சிறு பாத்தியில் சோதித்துப் பார்த்தல் நலம்.

ஆசிரியர்களும் இத்தகைய புதிர்களைத் தரும்போது, “அடுத்த எண் யாது?” என்பதோடு நில்லாது, “எவ்விதியின்படி?” என்றும் கேட்டல் வேண்டும். மாணவன் தன் விதியைத் தெளிவாகக் கூறி, அது கொடுத்த எண்கள் அனைத்துக்கும் பொருந்துமாயின், அவன் விடையை ஏற்றுக்கொள்வதே முறையாகும்.