தொழிற்கல்வி முடித்த பிறகு எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் கோவை காந்திபுரத்தில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தேன். மூட்டை சுமந்து வந்த இளைஞர் ஒருவர் என்னைப் பார்த்ததும் அதை இறக்கி வைத்துவிட்டு வணக்கம் சொன்னார். மேல்நிலை வகுப்பில் என்னிடம் அடிப்படை இயந்திரவியல் படித்தவர். அந்த ஆண்டு மாணவர்களில் லேத் வேலையில் கை சுத்தம் என்றால் அவர்தான்.

"ஏப்பா, கம்பெனி எதுக்கும் போகலையா?" என்று கேட்டேன்.

"போனனுங்க சார். ஐடிஐயா, டிப்ளமோவான்னு கேக்கறாங்க. பிளஸ் டூ சர்டிபிகேட்டைக் காட்டுனா, இது என்ன குரூப்புங்கறாங்க."

"அப்ரண்டிஸுக்குப் பதிவு பண்ணியிருக்கலாமே?"

"எங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்குதுங்களா சார்?"

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு ஆண்டுகள் அவருக்கு இயந்திரத்தைக் கற்றுக்கொடுத்தேன். பள்ளி வாசலைத் தாண்டிய பிறகு யாரிடம் போக வேண்டும், என்று போக வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் மாற்றிக்கொண்டவற்றைச் சக ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

பட்டறையில் என்ன நடக்கிறது?

நம் மாநிலத்தில் 1978-ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்கல்விப் பிரிவும் தொடங்கியது. இயந்திரவியல், மின் பொறியியல், தானியங்கி ஊர்தி, செவிலியம், வேளாண் அறிவியல், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை எனப் பல பாடங்கள் இன்றும் நடக்கின்றன. ஆனாலும் பல ஆசிரியர் அறைகளில் இது "மார்க் இல்லாதவங்க குரூப்" என்றே பெயர் பெற்றிருக்கிறது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் மாணவர்களைச் சேர்த்தேன்.

அந்தப் பெயர் எவ்வளவு தவறு என்பதற்கு ஒரு செய்முறையைச் சொல்கிறேன். ஓர் இரும்புத் தண்டைக் கூம்பாகக் கடைய வேண்டும். பெரிய முனை விட்டம் 40 மி.மீ., சிறிய முனை 30 மி.மீ., நீளம் 50 மி.மீ. கூட்டுத் தாங்கியை எத்தனை பாகைக்குத் திருப்புவது? விட்டங்களின் வேறுபாடு 10. அதை நீளத்தின் இருமடங்கான 100-ஆல் வகுத்தால் 0.1. டேன்ஜென்ட் மதிப்பு 0.1 ஆக உள்ள கோணம் ஏறத்தாழ 5¾ பாகை. நீளத்தை இருமடங்காக்க மறந்தால் கூம்பு ஏறக்குறைய இரண்டு பங்கு சரிவாகிவிடும். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் பக்கத்தையே திறக்காத மாணவன், இங்கே அட்டவணையைத் தானாகவே கேட்டு வாங்கிப் பார்ப்பான். தப்பு செய்தால் அது இரும்பில் தெரிந்துவிடுமே!

அளவும் அப்படித்தான். நாங்கள் பயன்படுத்தும் வெர்னியர் காலிப்பர் 0.02 மி.மீ. வரை காட்டும். வரைபடம் 25 மி.மீ., கூடக்குறைய 0.1 என்று சொன்னால் 24.9-க்கும் 25.1-க்கும் இடையில் நிறுத்த வேண்டும். 24.8 ஆகிவிட்டால் கடைந்த இரும்பை ஒட்டவைக்க முடியாது. வேறு தண்டு எடுக்க வேண்டியதுதான். வரைபடம் வாசிப்பது, அளப்பது, தவறை ஒத்துக்கொண்டு மறுபடி தொடங்குவது: தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் எதிர்பார்ப்பது இவற்றைத்தான். ஆனால் மதிப்பெண் சான்றிதழ் மட்டும் இதை அவருக்குச் சொல்வதில்லை. சொல்ல வைக்கும் வழிகள் மூன்று உள்ளன.

முதல் வழி: தொழில் பழகுநர் பயிற்சி

தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் வந்தது. 1986-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மேல்நிலைத் தொழிற்கல்வி முடித்தவர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஆக, நம் மாணவர்களுக்கு இது யாரோ தரும் சலுகை அன்று. சட்டத்தில் அவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள தொழில் பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென்மண்டல அலுவலகம் இதைக் கவனிக்கிறது. மத்திய அரசின் தேசிய தொழில் பழகுநர் பயிற்சித் திட்ட இணையதளத்தில் மாணவரே பதிவு செய்துகொள்ள வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் இப்பிரிவினருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 7,000 ரூபாயை நிர்ணயித்தன. பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் கிடைக்கும். அதன்பின் நேர்காணலில் "இது என்ன குரூப்" என்று கேட்டாலும், தொழிற்சாலையில் வேலை செய்த அனுபவத்தை நம் மாணவர் காட்ட முடியும்.

இரண்டு எச்சரிக்கைகளை மாணவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். பயிற்சி தந்த நிறுவனம் நிரந்தர வேலையும் தந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழகுநர் ஆவதற்குக் குறைந்தபட்ச வயது 14 என்றாலும், ஆபத்தான தொழில்களுக்கு 18 முடிந்திருக்க வேண்டும். பதினேழு வயதில் பள்ளியை முடிக்கும் மாணவர், முதல் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டால் மனம் விட்டுவிடுவார். காத்திருக்கும் மாதங்களில் என்ன செய்வது என்பதையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் வழி: பாலிடெக்னிக்

பத்தாம் வகுப்பு முடித்துச் சேர்பவருக்குப் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள். மேல்நிலையில் தொழிற்கல்வி முடித்தவர் தம் பாடத்துக்குத் தொடர்புடைய பிரிவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே ஆண்டுகளில் கையில் டிப்ளமோ. பட்டயம் முடித்தவர் விரும்பினால் பொறியியல் பட்டப்படிப்பிலும் நேரடி இரண்டாம் ஆண்டில் சேர வழி உண்டு.

ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, மாணவியர் எனில் புதுமைப் பெண், மாணவர் எனில் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பட்டயப் படிப்புக்கும் கிடைக்கும். "மேல படிக்க வைக்க வசதி இல்லைங்க" என்று வரும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மூன்றாம் வழி: பொறியியல்

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில் தொழிற்கல்விப் பிரிவினருக்கெனத் தனி இடங்கள் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் பொறியியலுக்கு 2021 முதல் நடைமுறையில் உள்ளது. ஆனால் இங்கே ஒளிக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் மாணவர்கள் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றையும் படித்து வருவதில்லை. முதலாண்டுப் பொறியியலில் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். இந்த வழியை விரும்பும் மாணவரைப் பதினொன்றாம் வகுப்பிலேயே கண்டறிந்து, கணித ஆசிரியரிடமும் இயற்பியல் ஆசிரியரிடமும் வாரம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கித் தருகிறேன். இருவரும் மறுத்ததே இல்லை.

எங்கள் பள்ளியில் செய்வது

மேற்சொன்ன வழிகள் எல்லாவற்றிலும் நம் மாணவர்கள் தவறுவது தகுதியால் அன்று, தேதியால்தான். அதனால் ஆண்டை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன்.

சேர்க்கையின்போது பெற்றோரைப் பட்டறைக்கே அழைத்துப் போகிறேன். மூத்த மாணவர் ஒருவர் லேத்தை ஓட்டிக் காட்டுவார். "இதைப் படிச்சா காலேஜ் போக முடியாதுங்களா?" என்ற கேள்வி தவறாமல் வரும். மூன்று வழிகளையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறேன். மதிப்பெண்ணைப் பார்த்து யாரையும் இப்பிரிவுக்குத் தள்ளுவதில்லை; விரும்பிக் கேட்பவரையே சேர்க்கிறோம்.

பன்னிரண்டாம் வகுப்பில் பொங்கல் விடுமுறை முடிந்ததும் ஆவணங்களைச் சரிபார்க்கிறோம். ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒன்றாக உள்ளனவா, வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்துள்ளதா, மின்னஞ்சல் முகவரியும் அதன் கடவுச்சொல்லும் மாணவரிடமே உள்ளனவா என்று பார்க்கிறோம். தலைப்பெழுத்து மாறியிருப்பது சிறு விஷயமாகத் தெரியும். அதைத் திருத்துவதற்குள் விண்ணப்பத் தேதி போய்விடும்.

தேர்வு முடிவு வந்த வாரத்தில் எல்லோரையும் ஒருநாள் பள்ளிக்கு வரவழைக்கிறோம். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் உட்கார வைத்து, பழகுநர் பதிவையும் பாலிடெக்னிக் விண்ணப்பத்தையும் அன்றே முடிக்கிறோம். பிறகு அவர்களுடைய கைபேசி எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேசுகிறேன். எந்த நிறுவனம் நன்றாகக் கற்றுத்தருகிறது, எது பெருக்கவும் டீ வாங்கவும் மட்டும் அனுப்புகிறது என்பது அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு அது பயன்படுகிறது.

துணிக்கடையில் பார்த்த மாணவருக்குப் பழகுநர் பயிற்சிக்கான காலம் கடந்துவிட்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறையில் பேசிச் சேர்த்துவிட்டேன். இப்போது சிஎன்சி இயந்திரம் ஓட்டுகிறார். நன்றாகவே இருக்கிறார். ஆனாலும் மூட்டை சுமந்த அந்த ஆண்டுகளை என்னால் திருப்பித் தர முடியாது.

இப்போது ஒவ்வொரு சேர்க்கையிலும் பெற்றோர் முன் லேத்தை ஓட்டிக் காட்ட அவர் ஒருநாள் விடுப்பு எடுத்து வருகிறார். ஓட்டி முடித்ததும் மாணவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: "ரிசல்ட் வந்த வாரம் சார் கூப்பிடுவாரு. வராம இருந்துடாதீங்க."