குடத்துக்கு ஒரு திண்டு

சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் உள்ள கொண்டகாவ், தோக்ரா உலோக வார்ப்புக்குப் பேர்போன ஊர். மும்பைக் கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் 1990களின் பிற்பாதியில் அங்கே தங்கி வேலை செய்யத் தொடங்கினார். வார்ப்புக் கலைஞர் ஜெய்தேவ் பாகேல், மரச்சிற்பி சாந்திபாய் முதலானோர் அவருடன் சேர்ந்தார்கள். பல ஆண்டுகள் நீண்ட அந்தக் கூட்டு உழைப்பில் நாம் நின்று பார்க்க வேண்டியது ‘நல்பார்’, அதாவது அடிபம்பைச் சுற்றி எழுந்த கட்டுமானங்கள்.

நிறைகுடத்தைத் தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்குத் தூக்கும்போது இடுப்பு படும் பாடு தண்ணீர் எடுப்பவர்களுக்குத்தான் தெரியும். ஊராரோடு பேசிப் பேசித்தான் வடிவம் உருவானது. பம்பை ஒட்டிக் கைக்கு வாகான உயரத்தில் ஒரு திண்டு. குடத்தை முதலில் அதில் ஏற்றி, சற்று மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு தலைக்கோ தோளுக்கோ மாற்றலாம். சுற்றுச்சுவரில் அந்த மண்ணின் உருவங்கள். பெண்களும் சிறுமிகளும் நின்று பேசவும் இடம் கிடைத்தது. எந்த அருங்காட்சியகச் சிற்பத்துக்கும் குறையாத கலைப்படைப்பு இது. அந்தத் திண்டின் உயரத்தில் அத்தனை கவனம் இருக்கிறது.

பின்னர் சிறுவர்களுக்கென ‘பில்லா குடி’ என்ற கூடங்களையும் இவர்கள் கட்டினார்கள்.