எந்தக் கிறிஸ்தவம்?

அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 2024 ஜூனில் ஒரு சட்டம் இயற்றியது. மழலையர் வகுப்பு முதல் கல்லூரி வரை, அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையங்களின் ஒவ்வொரு வகுப்பறையிலும் பத்துக் கட்டளைகள் தொங்க வேண்டும். பலகை 11க்கு 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து பெரிதாக, எளிதில் படிக்கும்படி இருக்க வேண்டும். மறு ஆண்டு டெக்சாஸும் அர்க்கன்சாவும் அதே வழியில் போயின. இதைக் கிறிஸ்தவர்களுக்கும் கடவுள் மறுப்பாளர்களுக்குமான சண்டை என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் லூசியானா சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போன குடும்பங்களில் யூதர்களும் மத நம்பிக்கை இல்லாதவர்களும் இருந்ததோடு, ஒரு பிரஸ்பிட்டேரியன் சபைப் போதகரும் இருந்தார். ஞாயிறுதோறும் பிரசங்க மேடையில் நின்று இதே கட்டளைகளைப் போதிப்பவர், அவை பள்ளிச் சுவரில் ஏறக் கூடாது என்று வழக்குப் போடுகிறார். விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்க வரலாற்றில் இது பழைய வழக்கம். அரசு கிறிஸ்தவத்தைக் கையில் எடுத்த போதெல்லாம் அடி வாங்கியவர்களில் பெரும்பாலோர் வேறொரு வகைக் கிறிஸ்தவர்கள். அரசையும் சபையையும் பிரித்து வையுங்கள் என்று முதலில் குரல் கொடுத்தவர்களும் அவர்களே.

பலகையில் என்ன எழுதுவது என்ற கேள்வியிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. கட்டளைகள் பத்து என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. எது முதலாவது, எது இரண்டாவது என்பதில் இல்லை. சிலை செய்யாதே என்பதைப் பெரும்பாலான புரோட்டஸ்டன்ட் சபைகள் தனிக் கட்டளையாக எண்ணுகின்றன. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் அதை முதல் கட்டளைக்குள் அடக்கி, பிறர் உடைமைக்கு ஆசைப்படாதே என்பதை இரண்டாகப் பிரித்துக் கணக்கை நேர் செய்கிறார்கள். நம் ஊரிலும் இந்த வேறுபாடு உண்டு: ஆறாம் கட்டளை எது என்று தென்னிந்தியத் திருச்சபைக்காரரிடம் கேட்டால் கொலை செய்யாதே என்பார், கத்தோலிக்கரிடமும் தரங்கம்பாடி வழிவந்த லூத்தரனிடமும் கேட்டால் விபசாரம் செய்யாதே என்பார்கள். யூதர்களுக்கோ, உன்னை எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்ட கடவுள் நானே என்ற அறிவிப்புதான் முதலாவது. லூசியானா சட்டம் வரிகளுக்கு எண் போடாமல் நழுவிக்கொண்டது. ஆனால் வாசகத்தைத் தானே வகுத்துக் கொடுத்துவிட்டது. அது பழைய கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பைத் தழுவியது. அதில் சிலைகளைத் தடை செய்யும் வரி இருக்கிறது, எகிப்து இல்லை. கத்தோலிக்கரைச் சிலை வணங்கிகள் என்று ஏசுவதற்கு நூற்றாண்டுக் கணக்கில் பயன்பட்ட வரி அது என்பதை நினைவில் வைத்தால், இது வெறும் எண்ணிக்கைத் தகராறு அல்ல என்று புரியும். வேதத்தின் எந்தப் பாடம் சரியானது என்று ஒரு மாநிலச் சட்டமன்றம் வாக்கெடுத்துத் தீர்மானித்திருக்கிறது.

இந்தத் தீர்மானம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1844இல் பிலடெல்பியா பார்த்தது. அந்நகரின் அரசுப் பள்ளிகளில் தினமும் கிங் ஜேம்ஸ் பைபிள் வாசிக்கப்பட்டது. அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் சபையின் மொழிபெயர்ப்பைப் படிக்க அனுமதிக்க வேண்டும் என்று ஆயர் பிரான்சிஸ் கென்ரிக் கேட்டார். அவர் பைபிளை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் பள்ளியிலிருந்து பைபிளையே விரட்டப் பார்க்கிறார்கள் என்று வதந்தி பரவியது. மே மாதமும் ஜூலை மாதமும் கலவரம். புனித மிக்கேல் ஆலயமும் புனித அகுஸ்தினார் ஆலயமும் எரிந்தன. குறைந்தது இருபது பேர் செத்தார்கள். கொன்றவர்களும் கிறிஸ்தவர்கள், செத்தவர்களும் கிறிஸ்தவர்கள். அன்றைய நகரத்தார் கண்ணில் அந்தப் பள்ளிகள் எந்தச் சபைக்கும் சார்பற்றவை என்பதுதான் கொடுமை. பெரும்பான்மைச் சபையின் பழக்கம், அந்தச் சபையின் கண்ணுக்குப் பொதுவானதாகவே தெரியும். 180 ஆண்டு கழித்து, 2024இல், ஓக்லஹோமா மாநிலக் கல்வித் துறை பள்ளிகளுக்கு 55,000 பைபிள் வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரியபோதும் கிங் ஜேம்ஸ் மொழிபெயர்ப்புதான் வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அமெரிக்க அரசியலமைப்புச் சட்டமும் அதே நூலுக்குள் இருக்க வேண்டுமாம். கண்டனம் எழுந்த பிறகு இந்தக் கடைசி நிபந்தனை தளர்த்தப்பட்டது.

இன்னும் பின்னால் போனால் பிரிவினைக் கோரிக்கையின் வேர் தெரியும். விடுதலைக்கு முந்திய வர்ஜீனியாவில் ஆங்கிலிக்கன் சபைதான் அரசுச் சபை. உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்தார்கள் என்று பாப்டிஸ்ட் போதகர்கள் பலர் 1760களின் இறுதியிலும் 1770களிலும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். சிறைச் சன்னல் வழியே பிரசங்கத்தைத் தொடர்ந்தவர்களும் உண்டு. இளைஞராக இருந்த ஜேம்ஸ் மாடிசன் 1774இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றிக் கொதித்திருக்கிறார். விடுதலைக்குப் பிறகு, 1784இல், பேட்ரிக் ஹென்றி ஒரு மசோதா கொண்டுவந்தார். கிறிஸ்தவப் போதகர்களுக்காக ஒரு வரி. ஆனால் தன் வரிப்பணம் எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்பதை வரி கட்டுபவரே சொல்லலாம். பார்த்தால் நியாயமான ஏற்பாடு. ஜார்ஜ் வாஷிங்டனுக்கே இதில் பெரிய ஆட்சேபம் இல்லை. மாடிசன் எதிர்த்தார். மற்ற மதங்களை விலக்கிக் கிறிஸ்தவத்தை நிறுவ ஓர் அரசுக்கு அதிகாரம் உண்டென்றால், மற்ற சபைகளை விலக்கி ஒரே ஒரு சபையை நிறுவவும் அதே அதிகாரம் போதும் என்பது அவர் 1785இல் எழுதிய மனுவின் சாரம். அந்த மனுவை விடவும் அதிகக் கையெழுத்துகளோடு பாப்டிஸ்டுகளும் பிறரும் தனி மனுக்களைக் குவித்தார்கள். சபைக்கு அரசின் காசு வேண்டாம், கிறிஸ்து அதை நம்பிச் சபையைத் தொடங்கவில்லை என்பது அவர்களின் வாதம். மசோதா மடிந்தது, 1786 ஜனவரியில் தாமஸ் ஜெபர்சனின் மதச் சுதந்திரச் சட்டம் நிறைவேறியது. தத்துவம் ஜெபர்சனும் மாடிசனும் கொடுத்தது. மனுக்களின் எண்ணிக்கை பக்திமான்கள் கொடுத்தது.

‘பிரிவினைச் சுவர்’ என்று இன்று வாதத்தில் இரு தரப்பும் இழுக்கும் தொடரும் பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய பதிலில் வந்ததே. கனெக்டிகட் மாநிலத்தில் காங்கிரிகேஷனல் சபைக்கு எல்லோரும் வரி கட்ட வேண்டும்; பாப்டிஸ்டுகள் விலக்கு வேண்டுமென்றால் சான்றிதழ் வாங்கிக் காட்ட வேண்டும். டான்பரி ஊரைச் சேர்ந்த பாப்டிஸ்ட் சங்கம் இதைக் குடியரசுத் தலைவர் ஜெபர்சனிடம் முறையிட, 1802 ஜனவரி 1 அன்று அவர் பதில் எழுதினார். அன்றைக்கே மாசசூசெட்ஸின் செஷயர் ஊர் பாப்டிஸ்ட் போதகர் ஜான் லேலண்ட், தன் சபையார் செய்த 1,235 பவுண்டு எடையுள்ள பாலாடைக்கட்டி ஒன்றை ஜெபர்சனுக்குப் பரிசாகக் கொண்டுவந்து இறக்கினார். மத நம்பிக்கையற்றவர் என்று எதிரிகள் தூற்றிய தலைவருக்கு ஒரு சுவிசேஷப் பிரசங்கி ஐந்நூறு கிலோவுக்கு மேல் நன்றி செலுத்தியிருக்கிறார்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும்; வர வேண்டியதுதான். அதே வாரம், ஜனவரி 3ஆம் தேதி, நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே லேலண்ட் பிரசங்கம் செய்தார். ஜெபர்சன் உட்கார்ந்து கேட்டார். அந்த நாட்டைத் தோற்றுவித்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அவர்கள் மனத்தில் மதமற்ற பொதுவெளி என்ற எண்ணமே இருக்கவில்லை என்கிறார்கள் இன்றைய கிறிஸ்தவ தேசியவாதிகள். உண்மையே. ஆனால் கிறிஸ்தவர்கள் எழுதிய சட்டம் வேறு, கிறிஸ்தவச் சட்டம் வேறு. 1787இல் எழுதிய அரசியலமைப்பில் தேதி குறிக்கும் இடத்தைத் தவிர ஆண்டவர் பெயர் இல்லை. எந்தப் பதவிக்கும் மதச் சோதனை கூடாது என்ற தடை இருக்கிறது. 1797இல் திரிப்போலியோடு செய்த ஒப்பந்தம் அமெரிக்க அரசு கிறிஸ்தவ மதத்தின்மேல் நிறுவப்பட்டதல்ல என்று சொன்னது. செனட் அதை ஒருமனதாக ஏற்றது. கிறிஸ்து பெயரை அரசியலமைப்பில் சேர்க்க வேண்டும் என்று உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஓர் இயக்கமே எழுந்தது. முன்பே இருந்திருந்தால் எதற்காகச் சேர்க்கச் சொல்ல வேண்டும்? முகவுரையில் சர்வவல்ல கடவுளை அழைத்து எழுதிய அரசியலமைப்பு ஒன்று அதே போரில் இருந்தது: அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் 1861ஆம் ஆண்டு அரசியலமைப்பு.

இதைவிட வலுவான ஆட்சேபம் மார்ட்டின் லூதர் கிங் பெயரால் வருவது. அடிமை முறைக்கு எதிரான இயக்கமும் குடிமை உரிமை இயக்கமும் தேவாலயங்களில் பிறந்தவை. மதத்தைச் சட்டத்திலிருந்து விலக்கினால் கிங்கையும் விலக்க வேண்டுமே என்று கேட்கிறார்கள். விலக்க வேண்டியதில்லை. நம்பிக்கை ஒருவரை அரசியலுக்கு அழைத்து வருவதும், அந்த நம்பிக்கையே சட்டத்தின் வாசகமாவதும் ஒன்றல்ல. கிங்கை நடத்தியது சுவிசேஷம். அவர் போராடிப் பெற்ற 1964ஆம் ஆண்டுச் சட்டமோ உணவகம், விடுதி, வேலை ஆகியவற்றில் பாகுபாடு கூடாது என்கிறது. யூதரும் நாத்திகரும் மனச்சான்றுக்கு விரோதமின்றி அதை ஏற்கலாம். சபை அரசின் மனச்சான்றாக இருக்க வேண்டும், எஜமானாகவோ வேலைக்காரனாகவோ அல்ல என்பதுதான் கிங் போதித்ததும். பத்துக் கட்டளைகளே நம் சட்டங்களின் வேர் என்ற வாதத்துக்கு இவ்வளவு நீண்ட பதில் தேவையில்லை. கொலை, திருட்டு, பொய்ச்சாட்சி மூன்றும் எல்லா நாட்டிலும் குற்றம். ஓய்வுநாள் கட்டளையை அரசு அமல்படுத்திப் பார்த்ததுண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டென்னசி மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வயலில் வேலை செய்ததற்காக அட்வென்டிஸ்டுகள் சிறை போனார்கள். பைபிள் சொல்லும் ஏழாம் நாள் சனிக்கிழமை என்று நம்பி, அன்று ஓய்ந்திருந்தவர்கள் அவர்கள்.

இங்கிலாந்தைப் பாருங்கள், அரசுச் சபை இருந்தும் அங்கே யாருக்கும் கேடில்லையே என்பாரும் உண்டு. பிரபுக்கள் அவையில் இன்றும் 26 பேராயர்களுக்கு இடம் இருக்கிறது. கேடு பெரிதாக இல்லைதான். ஆனால் சபைக்கு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1927இல் இங்கிலாந்துத் திருச்சபை தன் ஜெபப் புத்தகத்தைத் திருத்தி நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு அனுப்பியது. மக்களவை நிராகரித்தது. மாற்றி அனுப்பியபோது 1928இல் மறுபடியும் நிராகரித்தது. அந்த அவையில் வேற்றுச் சபையாரும் நம்பிக்கையற்றவர்களும் உறுப்பினர்கள். பம்பாயில் பார்சியாகப் பிறந்த கம்யூனிஸ்ட் ஷாபுர்ஜி சக்லத்வாலாவும் அப்போது உறுப்பினர். ஒரு சபை எப்படி ஜெபிக்கலாம் என்பதை அந்தச் சபையைச் சேராதவர்கள் தீர்மானிக்கிறார்கள். அரசின் தோளில் ஏறியதற்குக் கூலி அது.

அமெரிக்காவில் கூலி வேறு விதமாக வசூலாகிறது. 1962இல் உச்ச நீதிமன்றம் தடுத்த நியூயார்க் பள்ளி ஜெபத்தை எழுதியது மாநிலக் கல்வி வாரியம். மொத்தம் 22 சொல். யார் மனமும் நோகாதபடி அதில் கிறிஸ்துவே இல்லை. (பிள்ளைகள் தாமாக ஜெபிப்பதை அந்தத் தீர்ப்பு தடுக்கவில்லை, மறு ஆண்டுத் தீர்ப்பு பைபிளை இலக்கியமாகவும் வரலாறாகவும் கற்பிக்கலாம் என்றே சொன்னது. மதத்தைப் பள்ளியிலிருந்து துரத்திவிட்டு மதமின்மையை மதமாக்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இதுவே பதில்.) 1984இல் பொடக்கெட் நகராட்சி வைத்த கிறிஸ்துமஸ் குடிலை நீதிமன்றம் அனுமதித்ததற்கு ஒரு முக்கியக் காரணம், பக்கத்திலேயே சாண்டா கிளாசும் கலைமான்களும் நின்றது. 2019இல் மேரிலாந்தின் பிளேடன்ஸ்பர்க்கில் அரசு நிலத்தில் நிற்கும் 40 அடிச் சிலுவை தப்பியது, அதற்குக் காலப்போக்கில் மதம் சாராத பொருளும் சேர்ந்துவிட்டது என்ற விளக்கத்தால். சிலுவையைக் காப்பாற்ற, அது வெறும் சிலுவை அல்ல என்று வாதாட வேண்டியிருக்கிறது. லூசியானாவின் வழக்கறிஞர்களும் பத்துக் கட்டளைகளை வரலாற்று ஆவணம் என்றே நீதிமன்றத்தில் சொன்னார்கள். சினாய் மலையில் கடவுள் கொடுத்தது என்று நம்பும் ஒருவர், தன் தரப்பு வெல்வதற்காக இதைக் கேட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். பிரஸ்பிட்டேரியன் போதகர் ஏன் வழக்குப் போட்டார் என்பது எனக்கு வியப்பாக இல்லை.

பெரும்பான்மை மக்களின் விருப்பம்தானே ஜனநாயகம் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. பியூ ஆய்வு மையத்தின் கணக்கில் 2007இல் அமெரிக்கர்களில் 78 சதவீதம் பேர் தங்களைக் கிறிஸ்தவர் என்றார்கள்; 2023-24இல் 62 சதவீதம். இந்த 62இல் 40 புரோட்டஸ்டன்ட், 19 கத்தோலிக்கர். புரோட்டஸ்டன்டுகளுக்குள் கறுப்பர் சபைகள், சுவிசேஷச் சபைகள், பழைய பெரிய சபைகள் என்று பிரிவுகள், கருக்கலைப்பு முதல் குடியேற்றம் வரை எதிரெதிர் நிலைப்பாடுகள். கிறிஸ்தவப் பெரும்பான்மை என்பது கணக்கெடுப்பில் இருக்கிறது. எந்தச் சபைக்கும் தனியாகப் பெரும்பான்மை இல்லை.

பத்துக் கட்டளைகளை வகுப்பறையில் மாட்டச் சொன்ன கென்டக்கிச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1980இலேயே செல்லாதென்றது. லூசியானா துணிந்ததற்குக் காரணம் 2022இல் வந்த பிரெமர்டன் தீர்ப்பு. விளையாட்டு மைதானத்தில் ஜெபம் செய்த, அரசுப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் பக்கம் நின்ற அந்தத் தீர்ப்பு பழைய அளவுகோலைக் கைவிட்டு, வரலாற்றையும் மரபையும் கொண்டு அளக்கச் சொன்னது. 2025 ஜூனில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அப்படி அளந்தும் லூசியானா சட்டம் செல்லாது என்றது. மாநிலம் கேட்டுக்கொண்டபடி அந்த நீதிமன்றத்தின் முழு அமர்வு வழக்கைக் கையில் எடுத்தது. மரபைப் பார்க்கலாம்தான். ஆனால் மாசசூசெட்ஸ் தன் சபை வரியை 1833 வரை விடவில்லை, குவேக்கர்களை 1659 முதல் 1661 வரை பாஸ்டனில் தூக்கிலும் போட்டது. வர்ஜீனியா 1786இலேயே சபையை அரசின் பிடியிலிருந்து விடுவித்தது. இரண்டுமே அமெரிக்க மரபு, இரண்டையும் உண்டாக்கியவர்கள் கிறிஸ்தவர்கள். நீதிபதிகள் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.