ஃபெரைட்டின் எண்ணும் ஒரு மில்லிமீட்டர் காற்றும்

ஆரணி, காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் துளையட்டைகள் தொங்கிய இடத்துக்கு மின்னணு ஜக்கார்டுப் பெட்டி வந்துகொண்டிருக்கிறது. எந்தக் கொக்கி மேலேறும், எது நிற்கும் என்று ஒவ்வொரு ஊடைக்கும் சின்னச் சின்ன மின்காந்தங்கள் தீர்மானிக்க, கரையிலும் முந்தியிலும் பூ விழுகிறது. அந்த மின்காந்தங்களுக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளைக்குள் செம்புக் கம்பி சுற்றிய கருப்புக் கட்டி ஒன்று இருக்கும். ஃபெரைட் என்று பெயர். இரும்பு ஆக்சைடோடு பெரும்பாலும் மாங்கனீசும் துத்தநாகமும் கலந்து சுட்ட பீங்கான் வகை.

அந்தக் கம்பிச் சுற்று, அதாவது காயில், எரிந்து மறுபடி கட்டும்போதுதான் சிக்கல். எத்தனை சுற்று என்று கணக்கிட, உள்ளகத்தின், அதாவது அந்தக் கட்டியின், காந்த உட்புகுதிறன் தெரிய வேண்டும்: வெற்றிடத்தைப் போல எத்தனை மடங்கு அது காந்தப் பாயத்துக்கு வழிவிடுகிறது என்ற எண். ஃபெரைட்டுக்கு இவ்வளவு என்று ஒற்றை எண் தரும் அட்டவணையை நம்பாதீர்கள். சில பத்திலிருந்து 10,000-க்கு மேல் வரை அதில் வகைகள் உண்டு. தயாரிப்பாளரின் தரவுத்தாளே ஆதாரம். அதிலும் பொடியெழுத்தைப் படிக்க வேண்டும். டிடிகே நிறுவனத்தின் என்87 வகைக்கு 2200 என்றிருக்கும். 25 சதவீதம் ஏறலாம், இறங்கலாம். 25 டிகிரியில், மிக மெல்லிய காந்தப்புலத்தில் அளந்தது என்பதும் கூடவே இருக்கும். சித்திரை மாதத்து ஆரணியில், மூடிய பெட்டிக்குள், 25 டிகிரிக்கு எங்கே போவது? பழைய டிரான்ஸ்ஃபார்மரின் சிலிக்கான் எஃகுத் தகடு இன்னும் மோசம். புலம் கூடக்கூட அதன் எண் ஏறி, உச்சம் தொட்டு, இதற்குமேல் காந்தமாக முடியாத தெவிட்டல் நிலை வந்ததும் சரியும்.

பெயரில்லாத வளைய உள்ளகம் என்றால் அளந்தே பார்க்கலாம். 10 சுற்று சுற்றி, தூண்டலை அளக்கும் எல்சிஆர் மீட்டரில் வையுங்கள். 230 மைக்ரோஹென்றி காட்டினால், 10-இன் வர்க்கமான 100-ஆல் வகுக்க 2.3 வரும். குறுக்குப் பரப்பு 50 சதுர மி.மீ., காந்தப் பாதை நீளம் 60 மி.மீ. என்றால், 2.3 மைக்ரோஹென்றியை நீளத்தால் பெருக்கி, பரப்பாலும் வெற்றிடத்தின் உட்புகுதிறனாலும் வகுக்க, கிட்டத்தட்ட 2200.

காற்றிடைவெளி விட்ட உள்ளகத்தில் இந்தக் கணக்கு ஃபெரைட்டின் எண்ணைக் காட்டாது. அதே 60 மி.மீ. பாதையில் 1 மி.மீ. இடைவெளி விட்டால் 2200 என்பது 58 ஆகிவிடும். வடிவமைப்பவர்கள் இதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள். ஃபெரைட்டின் எண் 2750-க்கு ஏறினாலும் விடை 59-ஐத் தாண்டாது. உள்ளகமும் எளிதில் தெவிட்டாது.

ஆகவே எரிந்த காயிலைப் பிரிக்கும்போது, 'ஈ' வடிவத் துண்டுகளுக்கு நடுவே இந்த இடைவெளிக்காகச் செருகிய தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஃபெரைட்டின் பெயரைத் தேடுவதைவிட அந்தத் தாளின் தடிமனை அளப்பதே அவசரம். நடுக்காலிலும் பக்கக் கால்களிலுமாகக் காந்தப்பாயம் அதை இருமுறை கடப்பதால், அரை மி.மீ. தாள் கணக்கில் 1 மி.மீ. இடைவெளி.